வேலையை விடாமல் ராணுவ அதிகாரி ஆகலாமா? மதுரைக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

"வேலையையும் விடாம யூனிஃபார்மும் போடலாமாமே அண்ணே, நிஜமா?" டெரிட்டோரியல் ஆர்மி அதிகாரித் தேர்வுக்கு அறிவிப்பு வரும்போதெல்லாம் மதுரைப் பக்கத்துத் தம்பிகள் முதலில் கேட்பது இதைத்தான். நிஜம்தான். வயது 18-லிருந்து 42-க்குள் இருக்க வேண்டும், கையில் ஒரு பட்டம் வேண்டும், சம்பாதிக்கும் வேலையோ தொழிலோ வேண்டும். அது இருந்தால், தேர்வில் தேறி நேரடியாக அதிகாரிகளின் முதல் படியான லெப்டினென்ட் ஆகலாம். சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக ஏற வேண்டியதில்லை.

ஆனால் இந்த ஒரு வாசலை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. 23 வயதில் என்.சி.சி. 'சி' சர்டிபிகேட் வைத்திருப்பவருக்கும், 36 வயதில் மாசி வீதியில் ஜவுளிக்கடை நடத்துகிறவருக்கும், ராஜாஜி மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன்சி முடிக்கப்போகிறவருக்கும் ஒரே பதில் கிடையாது. முதல் ஆளுக்கு டெரிட்டோரியல் ஆர்மி தவறான வழி என்றே சொல்வேன். இரண்டாமவருக்கு இதைவிட்டால் வேறு வழியே இல்லை. மூன்றாமவருக்கு இதைவிட நேரான பாதை ஒன்று இருக்கிறது.

முதலில் டெரிட்டோரியல் ஆர்மி என்றால் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1948-ல் இதற்கென்று தனிச் சட்டம் வந்தது. 1949 அக்டோபர் 9 அன்று அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி தொடங்கிவைத்தார். தங்கள் பிழைப்பைப் பார்த்துக்கொண்டே, வருடத்தில் சில காலம் பயிற்சி எடுத்து, நாடு கூப்பிடும்போது படையில் நிற்கிறவர்களின் ராணுவம் இது. 1962, 1965, 1971 போர்களில் எல்லாம் இதன் ஆட்கள் இருந்தார்கள். நம் மாநிலத்தில் கோவையில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 110-வது பட்டாலியனும், திருச்சியில் கார்ட்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த 117-வது பட்டாலியனும் இருக்கின்றன. அதிகாரியாகத் தேர்வானால் கோவைதான் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். தோனி, மோகன்லால், அண்மையில் நீரஜ் சோப்ரா எல்லாரும் இந்தப் படையில் லெப்டினென்ட் கர்னல். ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது கௌரவப் பதவி. சச்சின் பைலட் 2012-ல் லெப்டினென்ட் ஆனது அப்படி இல்லை, அவர் தேர்வு முறையில் தேறி வந்தவர். நமக்குத் திறந்திருப்பது அந்த இரண்டாவது கதவு.

25 வயதுக்குள் இருக்கிறீர்களா?

அப்படியானால் டெரிட்டோரியல் ஆர்மியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உங்களுக்கு ஷார்ட் சர்வீஸ் கமிஷன், அதாவது குறிப்பிட்ட வருடங்களுக்கான முழு நேர அதிகாரிப் பணி, இருக்கிறது. சென்னைப் பரங்கிமலையில் உள்ள ஓ.டி.ஏ. என்ற அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 49 வாரப் பயிற்சி, பிறகு 10 வருடப் பணி, விரும்பினால் இன்னும் 4 வருடம். தகுதியும் இடமும் இருந்தால் நிரந்தரப் பணிக்கும் மாறலாம். பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை உண்டு. மதுரையில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் சென்னை. முழு நேர அதிகாரியாகும் பயிற்சி நம் மாநிலத்துக்குள்ளேயே இருப்பது சின்ன விஷயம் இல்லை.

உள்ளே போகப் பல வழிகள். யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை நடத்தும் சி.டி.எஸ். என்ற முப்படை அதிகாரித் தேர்வில், ஓ.டி.ஏ.வுக்கு மட்டும் விண்ணப்பித்தால் கணக்குத் தாள் எழுத வேண்டியதில்லை. ஆங்கிலமும் பொது அறிவும் போதும். பட்டப்படிப்பில் 50 சதவீதமும், என்.சி.சி. 'சி' சர்டிபிகேட்டில் குறைந்தது 'பி' கிரேடும் இருந்தால் எழுத்துத் தேர்வே கிடையாது, மதிப்பெண்ணை வைத்துப் பட்டியலிட்டு நேராக எஸ்.எஸ்.பி. எனப்படும் படை அதிகாரித் தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். இன்ஜினியர்களுக்குத் தொழில்நுட்பப் பிரிவு 27 வயது வரை திறந்திருக்கிறது, அதற்கும் எழுத்துத் தேர்வு இல்லை. சட்டம் படித்து 55 சதவீதம் எடுத்தவர்களுக்கு ஜாக் எனப்படும் ராணுவச் சட்டப் பிரிவு, அதுவும் 27 வயது வரை. ஆனால் இப்போது முதுநிலைச் சட்டப் படிப்புக்கான கிளாட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் கேட்கிறார்கள்.

அமெரிக்கன் கல்லூரியிலும் தியாகராசர் கல்லூரியிலும் மூன்று வருடம் காலை பரேடுக்கு ஓடி 'சி' சர்டிபிகேட் வாங்கியவர்கள் எத்தனை பேர்! அதில் நிறையப் பேர் அதை பயோடேட்டாவில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டு வங்கித் தேர்வுக்கும் குரூப் தேர்வுக்கும் போய்விடுகிறார்கள். எழுத்துத் தேர்வு இல்லாமல் எஸ்.எஸ்.பி. வரை கொண்டுபோய் நிறுத்தும் அந்தச் சான்றிதழுக்கு 25 வயதோடு அந்தச் சக்தி போய்விடுகிறது. இதை வாத்தியார்களும் வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

பெண்களுக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகுதான் டெரிட்டோரியல் ஆர்மியின் கதவு பெண்களுக்கு முழுதாகத் திறந்தது. திறந்ததே தவிர, 2025 அறிவிப்பில் மொத்தம் இருந்த 19 இடங்களில் பெண்களுக்கு ஒன்றுதான். ஓ.டி.ஏ.வில் 1992-லிருந்தே பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். மேலே சொன்ன வழிகள் நாலும் பெண்களுக்கும் உண்டு. வயது இருக்கிறவரை அந்தப் பக்கம் போவதுதான் புத்திசாலித்தனம்.

ஷார்ட் சர்வீஸில் உள்ள பெரிய குறையையும் சொல்லிவிடுகிறேன். நிரந்தரப் பணி கிடைக்காமல் 10 வருடத்தில் வெளியே வந்தால் பென்ஷன் கிடையாது. 34, 35 வயதில், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்திருக்கும் நேரத்தில், மறுபடி வேலை தேட வேண்டும். பத்து வருடம் ஆட்களை வழிநடத்திய அனுபவத்துக்கு வெளியே மதிப்பு இருக்கிறது, ஆனாலும் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போக வேண்டிய விஷயம் இது.

டாக்டர்கள், ஆசிரியர்கள்

டாக்டர்களுக்கு ராணுவ மருத்துவப் பிரிவில் ஷார்ட் சர்வீஸ் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். என்றால் 30 வயது வரை, முதுநிலை முடித்தவர்களுக்கு 35 வரை. நீட் முதுநிலைத் தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பட்டியலிட்டு, டெல்லியில் நேர்முகம் நடத்தி, உடல் தகுதி பார்த்து எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. இல்லை. சேரும்போதே கேப்டன். முதலில் 5 வருடம், பிறகு மொத்தம் 14 வருடம் வரை நீட்டிக்கலாம். தொழிலில் இருக்கும் ஒருவரை அவருடைய படிப்புக்காகவே நேரடியாக அதிகாரியாக எடுத்துக்கொள்வது என்று பார்த்தால், இதுதான் மிகச் சுத்தமான வழி. மதுரை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு முதுநிலை இடத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள், அந்த மதிப்பெண்ணுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஆசிரியர்கள், பேராசிரியர்கள் விஷயம் வேறு. பள்ளியிலோ கல்லூரியிலோ என்.சி.சி. பிரிவு இருந்து, அதில் இடமும் காலியாக இருந்தால், துணை என்.சி.சி. அதிகாரி ஆகலாம். ஆண்களுக்கு நாக்பூர் பக்கம் காம்டியிலும் பெண்களுக்கு குவாலியரிலும் பயிற்சி. கல்லூரிக்காரர்கள் லெப்டினென்ட்டாகத் தொடங்குவார்கள், பள்ளிக்காரர்கள் தேர்டு ஆபீசராக. ஆனால் இது போருக்கு அழைக்கப்படும் பதவி இல்லை. என்.சி.சி. சட்டத்தின் கீழ் வரும் பொறுப்பு, ராணுவச் சேவைக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. சீருடை ஆசையோடு பிள்ளைகளை உருவாக்கும் ஆசையும் சேர்ந்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. படைக்குள்ளேயே போக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது போதாது.

சரி, 27 தாண்டிவிட்டது, வேலையும் இருக்கிறது

இப்போதுதான் டெரிட்டோரியல் ஆர்மி உங்களுக்கான பேச்சாகிறது. கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

எழுத்துத் தேர்வு இரண்டு தாள். ஒன்றில் ரீசனிங்கும் கணக்கும், மற்றொன்றில் பொது அறிவும் ஆங்கிலமும். ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். தப்பான விடைக்கு மதிப்பெண் கழியும். வங்கித் தேர்வுக்குப் படித்த பழக்கம் இருப்பவர்களுக்கு இது பெரிய மலை இல்லை. அதில் தேறினால் டெரிட்டோரியல் ஆர்மியின் முதல்கட்ட நேர்முகம், பிறகு எஸ்.எஸ்.பி., பிறகு மருத்துவப் பரிசோதனை. அறிவிப்பு வருடா வருடம் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். 2023 அக்டோபரில் ஒன்று வந்தது. அதன் பிறகு பெரிதாகப் பேசப்பட்டது 2025 மே மாதம் வந்த அறிவிப்பு. இந்தியா முழுக்க 19 இடம் என்பதை மறுபடி ஒருமுறை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

எஸ்.எஸ்.பி.யில்தான் முப்பது தாண்டியவர்கள் தடுமாறுகிறார்கள். உளவியல் தேர்வில் ஒரு பகுதியை மட்டும் சொல்கிறேன். திரையில் ஒரு சொல் வரும். 15 விநாடி. அதற்குள் அந்தச் சொல்லைப் படித்து மனதில் பட்டதை ஒரு வாக்கியமாக எழுதி முடித்திருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த சொல் வந்துவிடும். இப்படி 60 சொற்கள், இடைவெளி இல்லாமல். பன்னிரண்டு வருடம் ஆபீஸில் ஒவ்வொரு கடிதத்தையும் நாலு முறை யோசித்து எழுதிப் பழகியவருடைய பேனா பத்தாவது சொல்லிலேயே நின்றுவிடும். கோச்சிங்கில் மனப்பாடம் செய்த வாக்கியங்களும் அந்த வேகத்தில் கைகொடுக்காது. தினமும் அரை மணி நேரம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தால் இரண்டு மாதத்தில் கை பழகிவிடும்.

அடுத்து ஆங்கிலம். நம் ஊர்க்காரர்கள் ரொம்பப் பயப்படுவது இதற்குத்தான். குழு விவாதத்தில் இலக்கணத்துக்கு மார்க் போட யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. சொல்ல வந்ததைத் தயங்காமல் சொல்கிறீர்களா, பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் காதில் வாங்குகிறீர்களா என்றுதான் பார்க்கிறார்கள். ஓட்டமும் கயிறும் தடைகளும் வேறு இருக்கின்றன. ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்தில் காலையில் நடக்கிற நடை போதாது, ஓட வேண்டும்.

தேறிவிட்டால்? முதல் வருடம் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி. முதல் வருடம் உட்பட ஒவ்வொரு வருடமும் இரண்டு மாத முகாம். முதல் இரண்டு வருடத்துக்குள் மூன்று மாதப் பயிற்சி ஒன்று. பயிற்சியிலும் பணியிலும் இருக்கும் காலத்துக்கு மற்ற ராணுவ அதிகாரிகளுக்கு உள்ள அதே சம்பளம்: அடிப்படை 56,100, அதன்மேல் ராணுவச் சேவை ஊதியம் 15,500, மற்ற படிகள். வீட்டில் இருக்கும் மாதங்களுக்கு ஒன்றும் இல்லை. லெப்டினென்ட் கர்னல் வரை காலக்கணக்கில் பதவி உயர்வு உண்டு, அதற்கு மேலே தேர்ந்தெடுப்பார்கள். பென்ஷன் வேண்டுமானால் அழைக்கப்பட்டுச் சீருடையில் இருந்த காலம் மட்டுமே கூட்டினால் 20 வருடம் வர வேண்டும். வேலையோடு சேர்த்துச் செய்கிறவர்களுக்கு அது எட்டுவது அரிது. ஆகவே பணத்துக்காக இதில் இறங்காதீர்கள்.

'வருடத்துக்கு இரண்டு மாதம்தானே' என்ற நினைப்பையும் இப்போது கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். 2025 மே 6 தேதியிட்ட உத்தரவில் மத்திய அரசு, டெரிட்டோரியல் ஆர்மியின் எல்லா அதிகாரிகளையும் வீரர்களையும் தேவைப்படும்போது அழைக்கும் அதிகாரத்தை ராணுவத் தளபதிக்குக் கொடுத்தது. இருக்கும் 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14-ஐ நாட்டின் பல கமாண்ட் (ராணுவ மண்டல) பகுதிகளில் பணியில் நிறுத்தவும் அனுமதித்தது. 2028 பிப்ரவரி 9 வரை அது செல்லும். இன்று சேர்கிறவர், தொடர்ந்து பல மாதங்கள், சில சமயம் அதற்கும் மேலே, காஷ்மீரிலோ வடகிழக்கிலோ நிற்க வேண்டியிருக்கும் என்று எண்ணியே கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு மனம் ஒப்புகிறவர்களைத்தான் அந்தப் படையும் தேடுகிறது.

அதனால்தான் வேலையிடத்தில் உங்கள் நாற்காலியைப் பற்றிக் கேட்கிறேன். நீங்கள் இல்லாதபோது அதில் யார்?

அரசு ஊழியர் என்றால் துறைத் தலைமையிடமிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். கோப்பு மேசை மேசையாக நகரும் வேகம் உங்களுக்கே தெரியும். அறிவிப்பு வருவதற்கு முன்பே மேலதிகாரியிடம் பேசிவைப்பது நல்லது. ஆனால் ஒருமுறை அனுமதி கிடைத்துவிட்டால் இவர்களுக்குத்தான் தரை உறுதி. என் கணிப்பில் டெரிட்டோரியல் ஆர்மிக்கு மிகப் பொருத்தமானவர்கள் இவர்கள்தான்.

தனியார் வேலையில் இருப்பவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. படைக்கு அழைக்கப்பட்டுத் திரும்பியவரை முதலாளி மறுபடி வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று டெரிட்டோரியல் ஆர்மிச் சட்டத்தின் 7-வது பிரிவு சொல்கிறது. சேர்த்துக்கொள்ள முடியாவிட்டால் இழப்பீடு. ஆனால் அந்த இழப்பீட்டுக்கு ஆறு மாதச் சம்பளம் என்று ஒரு வரம்பு இருக்கிறது. இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவில் ஒரு புராஜெக்ட்டில் முக்கியமான ஆளாக இருப்பவர், சட்டத்தைக் காட்டி நிறுவனத்தோடு மல்லுக்கட்டி வேலையைக் காப்பாற்றிக்கொள்ள முடியுமா என்பதை நேர்மையாக யோசிக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முன்பே மேனேஜரிடமும் எச்.ஆரிடமும் வெளிப்படையாகப் பேசி, எழுத்தில் ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள். 'உங்கள் கம்பெனி உங்களை விடுமா?' என்று நேர்முகத்தில் கேட்டால் சொல்வதற்கும் அது உதவும்.

சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். ஆனால் முகாம் தேதியை நீங்கள் குறிக்க முடியாது. ஜவுளி வியாபாரிக்கு ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தின மூன்று வாரத்தில், கடன் சரக்கு இறங்கி, சில்லறை வியாபாரிகள் திண்டுக்கல்லிலிருந்தும் தேனியிலிருந்தும் வந்து குவியும் நேரத்தில் கூப்பிட்டால், கல்லாவில் யார் உட்காருவார்? யாருக்கு எவ்வளவு பாக்கி, யாருக்குச் செக் போடலாம், யாருக்குக் கூடாது என்று தெரிந்த ஓர் அண்ணனோ தம்பியோ மச்சானோ இருந்தால் துணிந்து போகலாம். தனியாளாக நடத்துகிற கடை என்றால், முதலில் ஒருவரைத் தயார் செய்யுங்கள். அதற்கு இரண்டு வருடம் ஆனாலும் 42 வரை நேரம் இருக்கிறது.

உயர் நீதிமன்றக் கிளையில் பிராக்டிஸ் செய்யும் வக்கீல்களிடமும் இந்த ஆசையைப் பார்க்கிறேன். வாய்தா வாங்கவும் கேஸை எடுத்து நடத்தவும் சேம்பரில் சீனியரோ ஜூனியரோ இருந்தால் இரண்டு மாதத்தைச் சமாளிக்கலாம். நீண்ட அழைப்பு என்றால், முழு நேரச் சம்பள வேலையில் இருக்கும்போது பிராக்டிஸ் செய்யக் கூடாது என்ற பார் கவுன்சில் விதி குறுக்கே வரலாம். சேருவதற்கு முன்பே பார் கவுன்சிலில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது உத்தமம்.

வேலை இல்லாமல் முழு நேரமாகப் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர்கள் இதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. வருமானம் உள்ள வேலை என்பது அடிப்படைத் தகுதி. இதை மறைத்துப் பொய்யாக ஒரு வேலைச் சான்று வாங்கிக் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தப் பொய் எந்தக் கட்டத்தில் தெரியவந்தாலும் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும்.

கடைசியாக, நம் ஊர்ப் பெயர்களால் வரும் ஒரு சங்கடம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'எஸ். கார்த்திகேயன்' என்று இனிஷியலோடு இருக்கும். பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து பின்னால் ஒட்டியிருக்கும். ஆதாரில் இன்னொரு விதம். வட இந்தியாவில் உட்கார்ந்து சரிபார்ப்பவருக்கு இந்த மூன்றும் ஒரே ஆள் என்று தானாகத் தெரியாது. தொழில் செய்கிறவர்கள் வருமானத்தைக் காட்டி முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரமும் பான் நகலும் கொடுக்க வேண்டியிருப்பதால், அதிலும் இதே சிக்கல் வரும். அடுத்த அறிவிப்பு எப்போது என்று தெரியாத இந்த இடைவெளியில், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி மற்ற எல்லாவற்றையும் திருத்தி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத் தேதி தொடங்கிய பிறகு அலைந்தால் நேரம் பத்தாது.